கடைசி வரிசைக்கும் புரிகிற மாதிரி ஆய்வைச் சொல்ல வைப்பது எப்படி

என் பொது வைவாவுக்கு, அதாவது பிஎச்டி ஆய்வை எல்லார் முன்னிலையிலும் சொல்லி முடிக்கும் வாய்மொழித் தேர்வுக்கு, அப்பா தூத்துக்குடியிலிருந்து ராத்திரி பஸ் ஏறி வந்திருந்தார். கையில் மக்ரூன் டப்பா. கடைசி வரிசையில், மின்விசிறிக்குக் கீழே இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டார். நான் நாற்பது நிமிடம் பேசினேன். இம்பீடன்ஸ், டாஃபெல் ப்ளாட், லாங்முயர் ஐசோதெர்ம் எல்லாம் வந்தது. முடிந்ததும் தலைவர் வழக்கப்படி, “பொதுமக்களில் யாராவது கேள்வி கேட்கலாம்” என்றார். யாரும் கேட்கவில்லை. கேட்க மாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது அப்பா சொன்னது: “ஏட்டி, துருப் பிடிக்கிறதையா அஞ்சு வருசமாப் படிச்ச? மொதல்லயே சொல்லிருந்தா நானும் நாலு கேள்வி கேட்டிருப்பம்லா.”

அப்பா உப்பளத்தில் பம்பு செட் பார்த்துக்கொண்டவர். உப்புத் தண்ணீரில் எந்த போல்ட் முதலில் போகும், எந்த மாதத்தில் கிரீஸ் தடவ வேண்டும், புது இரும்பா பழைய இரும்பா எது தாங்கும் என்று அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. நான் அதே துருவைத்தான் ஐந்து வருடம் ஆய்வகத்தில் அளந்துகொண்டிருந்தேன். ‘கரோஷன்’ என்றால் துரு என்று பக்கத்தில் இருந்த என் மாமா பையன் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்திருக்கிறது, அதுவும் கடைசி ஐந்து நிமிடத்தில்.

அப்புறம் சேலம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் இருபத்தெட்டு வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றுவிட்டேன். இப்போது மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, சுற்று வட்டாரக் கல்லூரிகளிலிருந்து வரும் பிஎச்டி மாணவர்களோடு உட்காருகிறேன். தங்கள் ஆய்வை, அந்தத் துறையில் இல்லாத ஒருவருக்குச் சொல்லப் பழக்குவதுதான் வேலை. இதை எழுதுவது அப்படி உட்காரப்போகிற மற்றவர்களுக்காக: கைடுகள், சீனியர்கள், கல்யாணமான ஸ்காலராக இருந்தால் வீட்டுக்காரரோ வீட்டுக்காரியோ. ஸ்காலர்களும் எட்டிப் பார்க்கலாம்.

லேப்டாப் மூடியே இருக்கட்டும்

முதல் நாள் வருகிற ஸ்காலர் செய்யும் முதல் காரியம் லேப்டாப்பைத் திறப்பது. பிபிடி இல்லாமல் அவர்களுக்குப் பேச்சு வராது. அதனால்தான் மூடச் சொல்கிறேன். “தமிழ்ல சொல்லு. என்ன பண்ற?” இவ்வளவுதான் கேள்வி.

பெரும்பாலும் தலைப்பைத்தான் ஒப்பிப்பார்கள். “சின்தசிஸ் அண்டு கேரக்டரைசேஷன் ஆஃப்…” என்று ஆரம்பித்தால் நடுவில் மறிக்க வேண்டாம், முழுசாகச் சொல்லட்டும். சொல்லி முடித்ததும் அந்தத் தலைப்பைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். தெருவில் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாத சொற்களை எல்லாம் அடிக்கச் சொல்லுங்கள். மிஞ்சுவது பெரும்பாலும் ‘ஆஃப்’, ‘அண்டு’, ‘யூசிங்’. சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு வந்த பிறகுதான் வேலை நடக்கும்.

தமிழில் சொல்லச் சொல்வதற்குக் காரணம் மொழிப்பற்று இல்லை. ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். ‘அட்சார்ப்ஷன்’ என்று நூறு முறை எழுதிய பெண்ணிடம், அது ‘அப்சார்ப்ஷனி’லிருந்து எப்படி வேறுபடுகிறது என்று தமிழில் கேட்டேன். கொஞ்ச நேரம் அமைதி. பாடநூலில் இருக்கும் ‘பரப்புக் கவர்தல்’ என்ற சொல்லைச் சொன்னாள். அது தமிழ்தான், ஆனால் அதைக் கேட்டு யாருக்கும் எதுவும் விளங்காது. கலைச்சொல் தமிழில் இருந்துவிட்டால் விஷயம் எளிதாகிவிட்டது என்று நினைக்கிற பழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது. ‘உயிர்வளி’ என்றால் என் கேன்டீன் அக்காவுக்குப் புரியாது, ‘ஆக்சிஜன்’ என்றால் புரியும். கோவிட் காலத்தில் எல்லார் வீட்டிலும் புழங்கிய சொல் அது. நான் வைத்திருக்கும் கணக்கு இதுதான்: பெயர்ச்சொல் எதுவாக இருந்தாலும் கேட்பவர் வாயில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம், வினைச்சொல் மட்டும் வீட்டுத் தமிழாக இருக்க வேண்டும். ஒட்டுகிறது, கரைகிறது, அரிக்கிறது, ஊறுகிறது.

அந்தப் பெண் இரண்டு வாரம் கழித்து வந்து சொன்னது: “இட்லி சாம்பாரைக் குடிச்சுக்கிறது ஒண்ணு மேடம். ஈரக் கையில மாவு ஒட்டிக்கிறது இன்னொண்ணு. நான் பண்றது ரெண்டாவது.” அவ்வளவுதான். என் பழைய மாணவர்கள் எத்தனையோ பேருக்கு நான் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியும் இவ்வளவு தெளிவாக வந்ததில்லை.

மேசையைத் தட்டும் விளையாட்டு

ஏன் நமக்கு மட்டும் தெளிவாக இருப்பது மற்றவருக்குத் தெளிவாக இல்லை என்பதை வாயால் சொன்னால் ஸ்காலர்கள் தலையாட்டுவார்கள், நம்ப மாட்டார்கள். செய்து காட்ட வேண்டும். இரண்டு பேராக உட்கார வையுங்கள். ஒருவர் மனதுக்குள் எல்லாருக்கும் தெரிந்த ஒரு சினிமாப் பாட்டை நினைத்துக்கொண்டு, வாய் திறக்காமல் விரலால் மேசையில் தாளம் மட்டும் தட்ட வேண்டும். மற்றவர் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். தட்டுவதற்கு முன்னால், “கண்டுபிடிச்சிருவாரா?” என்று தட்டுபவரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1990இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்பவர் தன் பிஎச்டிக்காகச் செய்தது. 120 பாட்டு தட்டினார்கள், கேட்டவர்கள் கண்டுபிடித்தது 3. தட்டியவர்களோ பாதியாவது கண்டுபிடிப்பார்கள் என்று நினைத்திருந்தார்கள். தட்டுகிறவருக்குத் தலைக்குள் பாட்டு ஓடுகிறது, வயலின் சகிதம். எதிரே இருப்பவருக்கு டொக் டொக் மட்டும்தான். என் வகுப்பிலும் ஏறக்குறைய இப்படித்தான் ஆகும், “இதுகூடத் தெரியலையா உனக்கு?” என்று சண்டை வரும். சண்டை வரட்டும். அதே கோபத்தோடுதான் கைடுகள் வகுப்பிலும் பேசுகிறோம் என்பதை அப்போது நானே ஒப்புக்கொண்டுவிடுவேன்.

‘பொதுமக்கள்’ என்று ஒருவர் இல்லை

அடுத்தது ஆளைத் தேர்ந்தெடுப்பது. “யாருக்குச் சொல்லப் போற?” என்றால், “ஜெனரல் பப்ளிக் மேடம்” என்பார்கள். அப்படி ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை. பெயர் சொல்லக்கூடிய ஒருவர் வேண்டும். அத்தையா, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் தம்பியா, ஊராட்சித் தலைவரா, வேறு துறைப் பேராசிரியரா?

ஒரு பையனின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தர்மபுரி மாவட்டத்துக்காரன். அந்தப் பக்கமும் கிருஷ்ணகிரியிலும் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை விழும். பல வருடம் குடித்தால் எலும்பையும் பாதிக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கே அதுதான் காரணம். இவன் ஆய்வு, தண்ணீரிலிருந்து ஃப்ளூரைடை ஒட்டி எடுக்கும் ஒரு பொடி பற்றியது. முதலில் அவன் தயார் செய்து வந்த பேச்சில் பொடியின் துளை எத்தனை நானோமீட்டர் என்பது இருந்தது, பல் இல்லை.

அவனை மூன்று பேரிடம் அனுப்பினேன். முதலில் அவன் ஊரிலேயே குழந்தை வைத்திருக்கும் ஒரு அம்மா. அவர் கேட்ட முதல் கேள்வி: “தண்ணியச் சுட வெச்சுக் குடிச்சா போயிடுமா?” போகாது. கொதிக்க வைத்தால் தண்ணீர்தான் ஆவியாகும், ஃப்ளூரைடு உள்ளேயே இருக்கும், சொல்லப்போனால் கொஞ்சம் கெட்டியாகும். அவனுக்கு இது தெரியும். ஆனால் நூற்றெண்பது பக்கத் தீசிஸில் எங்கேயும் எழுதவில்லை. எந்த வேதியியல்காரனும் கேட்கப்போவதில்லையே. அந்த ஊருக்கோ அதுதான் முக்கியமான தகவல். அடுத்து ஊராட்சியில் வேலை பார்த்த ஒருவர். அவருக்குப் பல், எலும்பு எல்லாம் தெரிந்த விஷயம். கேட்டது இரண்டே: என்ன விலை, எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மூன்றாவது, ஒன்பதாம் வகுப்புப் பெண். அவளுக்கு ஒட்டுவது எப்படி என்பதுதான் வேண்டியிருந்தது. காந்தம் மாதிரியா, பசை மாதிரியா?

ஒரே ஆய்வு, மூன்று பேச்சு. எதையும் தண்ணீர் ஊற்றி நீர்க்க வைக்கவில்லை. கேட்பவருக்குத் தேவையானதை முன்னால் வைத்தான், மற்றதைப் பையிலேயே விட்டுவிட்டான். இந்த விட்டுவிடுவதுதான் ஸ்காலர்களுக்கு உயிர் போகிற கஷ்டம். நான்கு வருட உழைப்பில் மூன்றேமுக்கால் வருடத்தைச் சொல்லாமல் விடு என்றால் யாருக்குத்தான் மனசு வரும்? அழுதவர்கள் உண்டு. வெட்டச் சொல்லாதீர்கள், ‘இன்னொரு ஆளுக்கு எடுத்து வை’ என்று சொல்லுங்கள். கொஞ்சம் சுலபமாக விடுவார்கள்.

எண்களுக்கும் இதே கதைதான். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் ஃப்ளூரைடுக்கு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். மில்லிகிராம் என்பது கையில் பிடித்துப் பார்க்கிற அளவு இல்லை. அந்தப் பையன் வீட்டு மொட்டை மாடியைப் பார்த்து ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு வந்தான். ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டிக்கு ஒன்றரை கிராம், அதாவது சுமார் கால் டீஸ்பூன் உப்பு அளவு. “ஒரு தொட்டித் தண்ணிக்குக் கால் ஸ்பூன். அதுக்கு மேல போனா பல்லுல தெரிய ஆரம்பிக்கும்.” நான் சொல்லிக் கொடுத்தது இல்லை இது. எண்ணைச் சொல்லும்போதெல்லாம், “அது எவ்வளவு?” என்று சலிக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தேன், அவ்வளவுதான்.

திருப்பிச் சொல்ல வையுங்கள்

என்னிடம் ஒரே ஒரு பரிசோதனைதான் இருக்கிறது. மற்றதெல்லாம் அதைச் சுற்றி வருவதுதான்.

ஸ்காலர் மூன்று நிமிடம் பேச வேண்டும். கேட்பவர் அந்தத் துறை ஆளாக இருக்கக் கூடாது. பேசி முடித்ததும், வெளியே காத்திருக்கும் மூன்றாவது ஆளை உள்ளே கூப்பிட்டு, கேட்டவர் அவருக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஸ்காலர் மூலையில் உட்கார்ந்திருக்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது, “இல்லை இல்லை, அப்படி இல்லை” என்று பாயக் கூடாது. நோட்டில் எழுதிக்கொள்ளலாம்.

“புரிஞ்சுதா?” என்று மட்டும் கேட்காதீர்கள். நம் ஊரில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு: “ம், புரிஞ்சுது.” டாக்டரிடமும் அப்படித்தான் சொல்கிறோம், வாத்தியாரிடமும் அப்படித்தான். மரியாதைக்குச் சொல்வது அது.

திருப்பிச் சொல்லும்போது என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். பொடி பற்றிய பேச்சில் முதல் முறை மிஞ்சியது, “அந்தத் தம்பி தண்ணிய ஏதோ டெஸ்ட் பண்றாராம்.” இரண்டாவது முறை, “தண்ணில இருக்கற ஏதோ விஷத்த எடுக்கறாராம்.” விஷம் என்று அவன் சொல்லவே இல்லை. ஆனால் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, ‘டாக்சிக்’ என்று இரண்டு முறை சொன்னான். அது அப்படிப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஊரில் போய் இதைப் பேசியிருந்தால் கிணற்றை மூடச் சொல்லிக் கூட்டம் கூடியிருக்கும். நான்காவது முறைதான் சரியாகப் போனது.

கேட்பவர்களுக்கு எங்கே போவது என்று கேட்கிறார்கள். எங்கள் கல்லூரி லேப் அட்டெண்டர் அண்ணன், கேன்டீன் அக்கா, நூலகத்தில் வேலை பார்ப்பவர், வரலாற்றுத் துறைப் பேராசிரியர் ஒருவர். ஒருவரையே அடிக்கடி பயன்படுத்தாதீர்கள். எங்கள் அட்டெண்டர் அண்ணன் ஆறு மாதத்தில் ‘நானோ’ பற்றி என்னைவிட நன்றாகப் பேச ஆரம்பித்துவிட்டார். அதற்கப்புறம் அவர் இந்த வேலைக்கு உதவவில்லை. அவர்கள் நேரத்துக்கு டீயும் வடையுமாவது வாங்கிக் கொடுங்கள். அவர்கள் நமக்கு உபகாரம் செய்கிறார்கள், நாம் அவர்களுக்கு அறிவூட்டவில்லை.

உவமையைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம்

இட்லி உவமை கிடைத்ததும் அந்தப் பெண் அதை விடவே இல்லை. சாம்பார் சூடானால் என்ன ஆகும், சட்னி ஊற்றினால் என்ன ஆகும் என்று ஸ்லைடு ஸ்லைடாகப் போட்டுக்கொண்டு வந்தாள். கேட்டவருக்குப் பசிதான் எடுத்தது.

தொல்காப்பியம் உவமைக்கு வினை, பயன், மெய், உரு என்று நான்கு அடிப்படை சொல்கிறது. செயலில் ஒத்திருப்பது, விளைவில் ஒத்திருப்பது, வடிவில், நிறத்தில். தமிழ்த்துறைக்காரர்கள் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் இல்லை இது. ஒவ்வொரு உவமையையும் இந்த நான்கில் எதில் ஒத்திருக்கிறது என்று ஸ்காலரிடம் கேட்பேன். மாவு கையில் ஒட்டுவது வினையால் வந்த உவமை. ஆகவே ஒட்டும் செயல் வரைக்கும்தான் அதற்கு உரிமை. மாவு வெள்ளை, பொடியும் வெள்ளை என்று அடுத்த அடி எடுத்து வைத்தால் வழுக்கும். உவமை எங்கே உடைகிறது என்பதை ஸ்காலரே ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும்: “மாவைக் கழுவினா போயிடும், இது அவ்வளவு லேசுல போகாது.” அந்த ஒரு வாக்கியத்தில் கேட்பவருக்கு நம்பிக்கை வருவதை நான் முகத்தில் பார்த்திருக்கிறேன்.

தொடக்கத்திலும் இதே ஆபத்து உண்டு. என் துறைக்காரன் ஒருவன், இலைச்சாற்றால் இரும்பு அரிப்பைத் தடுப்பது அவன் ஆய்வு. பாம்பன் பாலத்தில் ஆரம்பித்தான். 1914இல் திறந்த பாலம், உப்புக் காற்று, 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்தியது, எல்லாம் சரியான தகவல். கேட்கிற எல்லாருக்கும் பாலம் தெரியும், நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். திருப்பிச் சொன்னபோது வந்தது: “இலைச்சாறு தடவினா பாம்பன் பாலம் துருப் பிடிக்காதாம்.”

அவன் ஆய்வுக்கும் பாலத்துக்கும் சம்பந்தமே இல்லை. இரும்புத் தகட்டில் படிந்திருக்கும் துருவைப் போக்க ஆலைகளில் அமிலத்தில் முக்குவார்கள். அதற்கு ‘பிக்ளிங்’ என்று பெயர், ஊறுகாய் போடுவதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். அமிலம் துருவைத் தின்று முடித்ததும் நல்ல இரும்பையும் தின்ன ஆரம்பிக்கும். அந்த இடத்தில் இலைச்சாற்றில் இருக்கும் மூலக்கூறுகள் இரும்பின் மேல் போய் ஒட்டிக்கொண்டு தடுக்கின்றன. தகட்டை முக்குவதற்கு முன் எடை, பின் எடை. எவ்வளவு குறைந்தது என்பதுதான் கணக்கு. இதுவே நல்ல கதை. சேலத்தில் உருக்காலை இருக்கிறது. அங்கே வேலை பார்த்த ஒரு சித்தப்பாவோ பெரியப்பாவோ பல வீடுகளில் உண்டு. அங்கே தொடங்கச் சொன்னேன். பாலத்தை விடுவதற்கு அவனுக்கு மனசே இல்லை. பாலம் படத்தில் அவ்வளவு அழகாக இருந்தது!

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை, மூலிகை ஆய்வு செய்பவர்களுக்கு. ஒரு கீரைச் சாறு புற்றுநோய்ச் செல்களைக் கொன்றது என்று ஒரு பெண் பேட்டி கொடுத்தாள். அவள் பயன்படுத்தியது எம்சிஎஃப்-7 என்ற செல்கள். மார்பகப் புற்றுநோயிலிருந்து எடுத்து, பல பத்தாண்டுகளாக ஆய்வகத் தட்டுகளில் வளர்க்கப்படுபவை. மறுநாள் பத்திரிகையில், “புற்றுநோயைக் குணமாக்கும் கீரை” என்று வந்தது. இரண்டு வாரம் அவள் கைபேசிக்கு நோயாளிகளின் வீட்டிலிருந்து அழைப்பு. ஒருவர் கீமோவை நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறார். தட்டில் இருக்கும் செல்லைக் கொல்வது பெரிய விஷயமில்லை, பிளீச்சிங் பவுடரும் கொல்லும். தட்டா, எலியா, மனிதனா, இதில் எந்தக் கட்டத்தில் ஆய்வு இருக்கிறது என்பதை முதல் மூன்று வாக்கியத்துக்குள் சொல்லிவிட வேண்டும். ‘இதை யாரும் இப்போது மருந்தாகச் சாப்பிடக் கூடாது’ என்பதையும் வாயால் சொல்ல வேண்டும், நிருபர் எழுதிக்கொள்ளும்வரை. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு கிடையாது.

பயன் இல்லாத ஆய்வு

கணிதக்காரர்கள் வந்தால் மற்றவர்கள் பரிதாபமாகப் பார்ப்பார்கள். எனக்கு அவர்களைத்தான் பிடிக்கும், ஏனென்றால் அவர்களுக்குப் பாலமும் இல்லை, கீரையும் இல்லை.

நம் கல்லூரிகளில் கணித பிஎச்டி என்றால் கிராஃப் லேபிளிங் நிறைய, புள்ளியும் கோடுமான வரைபடத்துக்கு விதிப்படி எண் போடுவது. ஒரு பையன் வந்தான். “இதுக்கு நெட்வொர்க்ல அப்ளிகேஷன் இருக்கு மேடம்” என்று ஆரம்பித்தான். “நீ நெட்வொர்க்குக்காகவா இதப் பண்ற?” என்றேன். “இல்ல.” “அப்புறம்?” “நல்லாருக்கும்.” சரி, அந்த நல்லாயிருப்பதைக் காட்டு என்றேன்.

கேன்டீன் அக்காவிடம் பில் தாளின் பின்பக்கம் நான்கு புள்ளி வைத்தான், வரிசையாக. புள்ளிகளைக் கோட்டால் இணைத்தான், மூன்று கோடு. சிக்குக் கோலம் மாதிரி சுற்றி வளைப்பது இல்லை, நேராக இணைப்பது. “அக்கா, 0, 1, 2, 3, இந்த நாலு எண்ணையும் புள்ளிக்கு ஒண்ணா போடுங்க. ஒவ்வொரு கோட்டுக்கும் ரெண்டு பக்கமும் இருக்கற எண்ணக் கழிச்சு எழுதுங்க. மூணு கோட்டுக்கும் வேற வேற விடை வரணும்.” அக்கா 0, 1, 2, 3 என்று போட்டார். எல்லாக் கோட்டிலும் 1. மாற்றிப் போட்டார். 0, 3, 1, 2. கழித்தால் 3, 2, 1. “வந்துருச்சு!” என்றார். டீ கேட்டு நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அப்புறம் கிளை விட்ட மாதிரி புள்ளிகளை இணைத்துக் கொடுத்தான். கணிதத்தில் அதற்கு மரம் என்றே பெயர். சுற்றி வந்து மூடிக்கொள்ளாத வரைபடம். அதற்கும் வந்தது. “எந்த மரத்துக்கும் வருமா?” என்று அக்கா கேட்டார். “1960கள்ல இருந்து அதத்தான் உலகம் பூரா தேடிட்டு இருக்காங்க அக்கா. யாருக்கும் இன்னும் தெரியாது. நான் சில வகை மரத்துக்கு மட்டும் வரும்னு காட்டியிருக்கேன்.” அவன் பேச்சு அங்கே முடிந்துவிட்டது. என்ன பயன் என்று அக்கா கேட்கவே இல்லை. மத்தியானம் வரைக்கும் கல்லாவில் உட்கார்ந்து மரம் வரைந்துகொண்டிருந்தார்.

ஆகவே பயன் இல்லாத ஆய்வுக்குப் பொய்ப் பயனை ஒட்ட வேண்டாம். கேட்பவர் கையில் ஒரு புதிர் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். இலக்கிய ஆய்வு செய்பவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன். அவர்களிடம் ‘கட்டமைப்பு’, ‘சொல்லாடல்’, ‘விளிம்புநிலை’ என்று வேறு வகை நானோ இருக்கும். சொற்களை அடிக்கும் பயிற்சியை அவர்களுக்கும் கொடுங்கள்.

மூன்று நிமிடமும் எழுத்தும்

மூன்று நிமிடப் பேச்சுப் போட்டி இப்போது நம் பக்கமும் நடக்கிறது. 2008இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அங்கே அப்போது கடும் வறட்சி, குளியலை மூன்று நிமிடத்தில் முடிக்க மணற்கடிகாரத்தைக் குளியலறையில் ஒட்டியிருந்தார்களாம். அதைப் பார்த்து வந்த யோசனை. அசையாத ஒரே ஒரு ஸ்லைடு, வேறு பொருள் எதுவும் கூடாது. தமிழில் பேசினால் மூன்று நிமிடத்துக்கு முந்நூறு சொல்லுக்கு மேல் தாங்காது, என் ஸ்காலர்கள் விஷயத்தில். அதற்கு மேல் எழுதிக்கொண்டு வந்தால் மூச்சு வாங்கும். ஸ்லைடில் வரைபடம் வேண்டாம், படம் போதும்: சாறு போட்ட தகடு, போடாத தகடு, பக்கத்தில் பக்கத்தில். வரைபடம் இல்லாமல் முடியாது என்று அடம் பிடித்தால், படுக்கைக் கோடு எது, நிற்கும் கோடு எது என்று முதலில் சொல்லிவிட்டு வளைகோட்டுக்குப் போகட்டும்.

எழுதுவது வேறு சங்கதி. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2018இல் ‘அவ்சர்’ என்ற போட்டியைத் தொடங்கியது. பிஎச்டி மாணவர்கள் தங்கள் ஆய்வையே 1000 முதல் 1500 சொல்லில் கதை போல எழுத வேண்டியிருந்தது, முதல் பரிசு ஒரு லட்சமாக இருந்தது. பணத்தைப் பார்த்ததும் எங்கள் ஊரிலும் பேனா எடுத்தார்கள். எழுத்து விஷயத்தில் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. வேறொரு சின்ன போட்டிக்கு ஒரு பையன் எழுதியதைத் திருத்த உட்கார்ந்து, ஆர்வக் கோளாறில் நானே முழுசாக எழுதிக் கொடுத்துவிட்டேன். பரிசும் வந்தது. மேடையில் நடுவர், “அந்த இரண்டாவது பத்தியில் சொன்னதைக் கொஞ்சம் விளக்குங்களேன்” என்றதும் அவன் முழித்தான். கீழே உட்கார்ந்திருந்த எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அன்றிலிருந்து அவர்கள் தாளில் நான் ஒரு சொல்கூட எழுதுவதில்லை. படித்துக்கொண்டே போவேன், எங்கே நின்றேனோ அங்கே பென்சிலால் ஒரு வட்டம். அவ்வளவுதான். ஏன் நின்றேன் என்று சொல்ல மாட்டேன், அவர்கள் கேட்டால் மட்டும் சொல்வேன். ஒரு பக்கத்தில் ஏழெட்டு வட்டத்துக்கு மேல் போனால் திருப்பிக் கொடுத்துவிட்டு, “இத உங்க தம்பிகிட்டச் சொல்ற மாதிரி வாட்ஸ்அப்ல குரல் பதிவு பண்ணு, அதக் கேட்டு எழுது” என்பேன். குரலில் வருவது எழுத்தில் வருவதைவிட எப்போதும் நன்றாகவே இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு எழுத முடிந்தால் இன்னும் நல்லது; தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ இதழ் நான்கைந்தை வாங்கிக் கொடுத்து, எந்தக் கட்டுரையில் எங்கே நின்றாய் என்று அவர்களை வட்டம் போடச் சொல்வதுண்டு.

கைடுகளின் எதிர்ப்பு வரும். “இப்படி விளையாட்டாப் பேசிப் பழகினா வைவாவுல மாட்டிக்குவான்” என்று என்னிடமே சொன்னவர்கள் உண்டு. வாதாட வேண்டாம். அவர்களையும் ஒரு சனிக்கிழமை கூப்பிட்டு, திருப்பிச் சொல்லும் நாற்காலியில் உட்கார வையுங்கள், வேறு துறை ஸ்காலர் பேசும்போது.

வைவாவில் இதை நுழைப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. ஆரம்பத்தில் மூன்று நிமிடம் தமிழில் பேசிக்கொள்ளலாமா என்று தலைவரிடம் முன்கூட்டியே கைடு கேட்டுவிட வேண்டும். அன்று காலையில் கேட்டால் கிடைக்காது. கூடவே அரைப் பக்கத் தமிழ்ச் சுருக்கம் அச்சடித்துக் கடைசி இரண்டு வரிசை நாற்காலிகளில் வைத்துவிடுங்கள். முன் வரிசைக்கு வேண்டாம், அவர்கள் விசிறிக்கொள்ளத்தான் எடுப்பார்கள்.

தர்மபுரிப் பையனின் வைவாவில் அப்படிச் செய்தோம். தலைவர் வழக்கம் போல, பொதுமக்களில் யாராவது, என்று சொல்லிவிட்டு கோப்பை மூடப் போனார். கடைசி வரிசையிலிருந்து அவன் அம்மா எழுந்தார்.

“அந்தப் பொடிய எத்தன நாளைக்கு ஒருக்கா மாத்தணும்?”

அவன் தேர்வாளரைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தே சொன்னான். “அது தண்ணில எவ்வளவு ஃப்ளூரைடு இருக்குங்கறதப் பொறுத்தும்மா. முதல்ல தண்ணிய டெஸ்ட் பண்ணிப் பாத்தாத்தான் சொல்ல முடியும்.”

“அத யாரு வந்து பாப்பாங்க?”

குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் எங்கே இருக்கிறது, பாட்டிலில் எப்படிப் பிடித்துக்கொண்டு போக வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தான். தேர்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அம்மா இன்னும் உட்காரவில்லை.